காங்கேசன்துறைத் தொகுதி: காலியாகக் கிடந்த கதிரையின் கதை
(அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யாழ்ப்பாணத்தில் தேர்தல் வந்தால் மேடையில் யாராவது ஒருவர் “தந்தை செல்வாவின் தொகுதி” என்று தொடங்காமல் விடமாட்டார். கேட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது எந்தத் தொகுதி, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது தெரியாது. நான் வலிகாமம் வடக்குக்காரன். எங்கள் குடும்பம் 1990இல் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டது. என் மருமக்களும் பக்கத்து வளவுப் பிள்ளைகளும் கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து ஓகஸ்ட் விடுமுறைக்கு வருகிறவர்கள், “எங்கட ஊருக்கெண்டு முந்தித் தனி எம்.பி. இருந்தவரோ மாமா?” என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பல வருடமாக வாயால் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

காங்கேசன்துறைத் தொகுதி என்று எந்த இடத்தைச் சொல்கிறீர்கள்?

குடாநாட்டின் வடக்குக் கரையையும் அதற்குத் தெற்கே செம்மண் தோட்டங்களையும் சேர்த்த பகுதி. காங்கேசன்துறை, கீரிமலை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மயிலிட்டி, மல்லாகம், அளவெட்டி ஆகிய ஊர்ப் பெயர்களைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும். துறைமுகமும் சீமெந்துத் தொழிற்சாலையும் இருந்ததால் வெளியில் அதைப் பட்டினம் என்று நினைக்கிறார்கள். வாக்குப் போட்டவர்களில் பெரும்பங்கு தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களுமே. பொயிலை, வெங்காயம், மிளகாய் விளையும் மண் அது. 1947, 1960, 1977 தேர்தல்களுக்கு முன்னர் எல்லைகள் திருத்தப்பட்டன. ஆகையால் ஒரு குறிப்பிட்ட கிராமம் எல்லாக் காலத்திலும் இந்தத் தொகுதியில்தான் இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடாது. பெயரும் நடுப்பகுதியும் மாறவில்லை.

அந்தத் தொகுதி இப்போதும் இருக்கிறதா?

பெயர் இருக்கிறது, உறுப்பினர் இல்லை. 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தபோது யாழ்ப்பாணம், கிளிநொச்சி இரண்டும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டமாகின. பழைய தொகுதிகள் வாக்கெண்ணும் பிரிவுகளாக மட்டும் மிஞ்சின. தேர்தல் இரவில் வானொலியில் “யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம், காங்கேசன்துறைத் தேர்தல் தொகுதி” என்று முடிவை வாசிக்கும்போது எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு நின்றுவிடும். அந்தப் பெயருக்கென்று பாராளுமன்றத்தில் ஒரு கதிரை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நின்றுவிடும்.

எத்தனை பேர் அந்தக் கதிரையில் இருந்தார்கள்?

மூன்றே மூன்று பேர். சு. நடேசபிள்ளை, சா. ஜே. வே. செல்வநாயகம் (தந்தை செல்வா என்பது இவரைத்தான்), அ. அமிர்தலிங்கம். 1934 முதல் 1983 வரை வேறு எவரும் இல்லை. மூவரும் ஆண்கள். ஒரு பெண்ணை இந்தத் தொகுதி ஒருமுறைகூட அனுப்பவில்லை, அதை நான் குறையாகத்தான் சொல்கிறேன்.

இந்த மூவரைப் பற்றிப் பேசும்போது நாங்கள் ஒன்றைத் தவறவிடுகிறோம். அந்தக் கதிரை மூன்று தடவை நீண்டகாலம் வெறுமையாகவும் கிடந்தது: 1931 முதல் 1934 வரை, 1972 முதல் 1975 வரை, 1983 முதல் 1988 வரை. முதல் இரண்டும் ஆளைத் தெரியாமலோ மறதியாலோ வந்தவையல்ல. மூன்றாவதும் அப்படியே. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு மறுப்பு இருக்கிறது. இந்தத் தொகுதியை விளங்கிக்கொள்ள, வென்றவர்களின் பட்டியலைவிட அந்த வெறுமையான வருடங்கள்தான் எனக்கு உதவின.

1931இல் என்ன நடந்தது?

பிரித்தானியர் தந்த டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அந்த வருடம்தான் இலங்கையில் முதன்முதலாக எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. 21 வயது நிரம்பிய பெண்களுக்கும் ஆண்களுக்கும், சொத்து, படிப்பு எதுவும் கேட்காமல். அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கான தேர்தல். வடக்கில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை.

ஹண்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்கள் முன்னின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்தான் அதன் பின்னால் நின்றது. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்கள் அவர்களே. அவர்கள் கேட்டது முழுச் சுயராச்சியம். டொனமூர் தந்தது அதற்குக் கிட்டவும் வராது என்பது அவர்களின் நிலைப்பாடு. தெற்கிலும் மற்றவர்கள் சேர்ந்து பகிஷ்கரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். தெற்கு வாக்களித்தது. யாழ்ப்பாணத்து நான்கு கதிரைகள் மட்டும் வெறுமையாகின.

அப்படியானால் காங்கேசன்துறைத் தொகுதியின் முதலாவது தேர்தல் நடக்காத ஒரு தேர்தல். தமிழ்ப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்திருக்க வேண்டிய நாளில் எங்கள் கிராமங்களில் வாக்குப்பெட்டியே வரவில்லை. இலட்சியம் பெரியது, அதை நான் மதிக்கிறேன். அமைச்சர்களும் குழுக்களும் அமைந்த முதல் மூன்று வருடங்கள் சபையில் எங்கள் ஆள் இல்லாமல் போனதன் விலையையும் சேர்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

பிறகு?

1934இல் அந்த நான்கு தொகுதிகளுக்கும் தேர்தல் வைத்தார்கள். பருத்தித்துறையில் ஜீ. ஜீ. பொன்னம்பலம் வந்தார், காங்கேசன்துறையில் நடேசபிள்ளை வந்தார். தஞ்சாவூரில் பிறந்தவர், சேர். பொன். இராமநாதனின் மருமகன், பரமேஸ்வராக் கல்லூரியின் அதிபர், தமிழறிஞர். இராமநாதன் சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தவர், அது நடைமுறைக்கு வருமுன் 1930இல் காலமானார். அவர் எதிர்த்த அதே வாக்குரிமையின் கீழ் அவரது மருமகன் உறுப்பினரானார். 1936இல் மீண்டும் தெரிவாகி, அரசாங்க சபை கலையும்வரை இருந்தார். அந்தக் கல்லூரி வளவில்தான் இன்றைக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

செல்வநாயகம் எப்போது வந்தார்?

1947இல், சோல்பரி அரசியலமைப்பின் முதல் பாராளுமன்றத் தேர்தலில். அவர் அப்போது ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் கட்சிக்காரர். மலாயாவின் ஈப்போவில் 1898இல் பிறந்து, சிறுவயதில் தெல்லிப்பழைக்கு வந்து அங்குள்ள யூனியன் கல்லூரியில் படித்தவர். கொழும்பில் பேர்பெற்ற சிவில் வழக்கறிஞர். தமிழ்க் காங்கிரஸ் அந்தத் தேர்தலில் ஏழு இடங்களில் வென்றது, அவற்றில் ஒன்று காங்கேசன்துறை.

அடுத்த வருடமே பிளவு. 1948இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அதே வருடம் ஜீ. ஜீ. பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்கவின் அரசாங்கத்தில் கைத்தொழில் அமைச்சரானார். செல்வநாயகமும் கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கமும் செனட்டர் இ. மு. வி. நாகநாதனும் அதை ஏற்கவில்லை. 1949 டிசம்பர் 18ஆம் திகதி மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடங்கியது. காங்கேசன்துறை மக்கள் காங்கிரஸ்காரராக அனுப்பியவர் இரண்டு வருடத்தில் தமிழரசுக் கட்சித் தலைவராகத் திரும்பி வந்தார்.

“தந்தை செல்வா” தன் சொந்தத் தொகுதியில் தோற்றார் என்பது உண்மையா?

உண்மை. 1952இல் தோற்றார். இதைச் சொன்னால் சில பெரியவர்களுக்கு முகம் மாறும். மறைக்க வேண்டிய விடயம் இல்லை.

வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் நடேசபிள்ளை, பழைய அரசாங்க சபை உறுப்பினர். தமிழரசுக் கட்சி அந்தத் தேர்தலில் ஏழு இடங்களில் நின்று இரண்டில் மட்டும் வென்றது: கோப்பாயும் திருகோணமலையும். காரணங்களில் முதலாவது, கட்சிக்கு அப்போது இரண்டரை வயது. கட்சி கேட்ட சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, என்றால் என்ன என்று கிராமத்துக்குக் கிராமம் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. இரண்டாவது கண்முன்னால் புகைவிட்டுக்கொண்டு நின்றது. 1950இல் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. அரசாங்கத்தோடு சேர்ந்து நின்றால் வேலை வரும், தொழிற்சாலை வரும் என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இருக்க முடியாது. வேலை தேடும் பிள்ளை உள்ள வீட்டில் அந்தக் கணக்குத் தவறென்று நான் சொல்லமாட்டேன். மூன்றாவது, நடேசபிள்ளையின் தனி மதிப்பு. பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவரின் பெயர் அது.

அவர் பின்னர் கொத்தலாவல அரசாங்கத்தில் தபால், தகவல் அமைச்சரானார். எங்கள் தொகுதியிலிருந்து மந்திரிசபைக்குப் போனவர் அவர் ஒருவர்தான்.

கிறிஸ்தவரான செல்வநாயகத்துக்குச் சைவர்கள் எப்படி வாக்களித்தார்கள்?

வெளிநாட்டுப் பிள்ளைகள் அதிகம் கேட்கும் கேள்வி இது. அவர் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர். கீரிமலையும் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலும் உள்ள தொகுதி. எதிர்த்து நின்றவரோ இராமநாதன் வீட்டுச் சைவர். 1952இல் சமயம் ஒரு பேச்சாக எடுபட்டதுதான். ஆனால் அதே வாக்காளர்கள் 1947இல் அவரை அனுப்பினார்கள், 1956இலிருந்து அவர் சாகும்வரை ஒருதடவையும் கைவிடவில்லை. இதைச் சகிப்புத்தன்மை என்று அழகாகச் சொல்லலாம். எனக்குத் தெரிந்த பெரியவர்கள் அப்படியெல்லாம் சொன்னதில்லை. “அந்தாள் பொய் சொல்லாது” என்பார்கள், அதோடு கதை முடிந்துவிடும்.

1956 முதல் 1970 வரை அவர் சுகமாக வென்றாரா?

வென்றார், ஐந்து பொதுத் தேர்தல்களிலும். 1956 பெப்ரவரியில் ஐக்கிய தேசியக் கட்சி களனி மாநாட்டில் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்பதை ஏற்றபின் அந்தக் கட்சிப் பெயரில் வடக்கில் வாக்குக் கேட்கவே இயலாமல் போனது. தமிழரசுக் கட்சி இரண்டிலிருந்து பத்து இடமானது. 1960 மார்ச்சில் 15, யூலையில் 16, 1965இல் 14, 1970இல் 13.

எண்களை மட்டும் பார்த்தால் அமைதியான காலம் போலத் தெரியும். அதற்கிடையில் 1957 யூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவுடன் எழுதிய ஒப்பந்தம் அடுத்த ஏப்ரலில் கிழிந்தது. 1961 பெப்ரவரி 20 தொடங்கி யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் சத்தியாக்கிரகம். அந்தச் சித்திரையில் தமிழரசு தபால் சேவை என்று சொந்த முத்திரை வெளியிட்டதும் இராணுவம் வந்து தலைவர்களைத் தடுப்புக்காவலில் கொண்டுபோனது. எங்கள் உறுப்பினரும் அவர்களில் ஒருவர். 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்கவுடன் இன்னொரு ஒப்பந்தம், கட்சி அரசாங்கத்தில் சேர்ந்து மு. திருச்செல்வம் அமைச்சரானார். அதுவும் நிறைவேறாமல் 1968இல் வெளியேறினார்கள்.

ஒவ்வொரு ஒப்பந்தமும் முறியும்போது காங்கேசன்துறை வாக்காளருக்கு வந்த தெரிவு ஒன்றுதான்: கையெழுத்து வைத்து ஏமாந்த மனிதரைத் திரும்ப அனுப்புவதா, வேறு யாரையும் பார்ப்பதா. திரும்பத் திரும்ப அவரையே அனுப்பினார்கள்.

எல்லோரும் ஒரே கட்சிக்குத்தான் போட்டார்களா?

இல்லவே இல்லை. இந்தத் தொகுதியில் எப்போதும் ஒரு கணிசமான இடதுசாரி வாக்கு இருந்தது. அதைப் பேசாமல் விட்டால் வரலாறு பாதியாகிவிடும்.

1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போக அனுமதி கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பின்னால் நின்றவர்கள் கம்யூனிஸ்டுகள். வாசலை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் முன்னாள் அமைச்சர் செ. சுந்தரலிங்கம், பெரிய கணிதமேதை. தமிழருக்கு உரிமை கேட்கும் தொகுதியின் நடுவிலேயே, தமிழர் சிலருக்குக் கோயில் வாசல் பூட்டியிருந்தது. அந்த வாசலில் இருந்த மக்களுக்கு தமிழரசுக் கட்சி போதியளவு துணை நிற்கவில்லை என்ற மனக்குறை உண்டாயிற்று. அந்தக் குறை நியாயமானது என்பது என் எண்ணம். 1970இல் செல்வநாயகம் பலமுனைப் போட்டியில்தான் வென்றார், கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி. பொன்னம்பலம் ஆயிரக்கணக்கான வாக்குகள் எடுத்தார்.

பொன்னம்பலம் என்பது ஒருவரா, இருவரா?

இருவர். ஜீ. ஜீ. பொன்னம்பலம் தமிழ்க் காங்கிரஸ் தலைவர், சட்டத்தரணி. வி. பொன்னம்பலம் கம்யூனிஸ்ட். காங்கேசன்துறையில் செல்வநாயகத்தோடு மோதியவர் இரண்டாமவர். பின்னாளில் தமிழரின் சுயநிர்ணய உரிமை பற்றிய விடயத்தில் தன் கட்சியோடு முரண்பட்டு வெளியேறினார்.

1972இல் செல்வநாயகம் ஏன் பதவியை விட்டார்?

1972 மே 22ஆம் திகதி முதலாவது குடியரசு அரசியலமைப்பு வந்தது. சிங்களம் அரசகரும மொழி என்பது அரசியலமைப்புக்குள்ளேயே ஏறியது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கிடைத்தது, சிறுபான்மையினருக்குச் சோல்பரி யாப்பில் இருந்த 29ஆம் பிரிவுப் பாதுகாப்பு போய்விட்டது. தமிழரசுக் கட்சி முன்வைத்த திருத்தங்கள் எடுபடவில்லை. அரசாங்கத் தரப்பு, தமிழ் மக்கள் இதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொன்னது.

அந்த ஒக்டோபரில் செல்வநாயகம் ஆசனத்தைத் துறந்தார். அவர் வைத்த சவால் இதுதான்: தமிழ் மக்கள் இந்த யாப்பை ஏற்கிறார்களா என்று என் தொகுதியில் தேர்தல் வைத்துப் பாருங்கள், இதையே கேள்வியாக வைத்து என்னோடு போட்டியிடுங்கள். அப்போது அவருக்கு 74 வயது. பார்க்கின்சன் நோய். குரல் எழும்பாது, காது மந்தம். அப்படிப்பட்ட ஒரு மனிதர் கையில் இருந்த ஒரேயொரு பொருளை, அந்தக் கதிரையை, தூக்கி மேசையில் வைத்தார்.

இடைத்தேர்தல் உடனே நடந்ததா?

28 மாதம் நடக்கவில்லை. அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம், நிலைமை சரியில்லை என்று இழுத்தார்கள். அந்த இரண்டு வருடமும் நான்கு மாதமும் காங்கேசன்துறைக்கு உறுப்பினர் இல்லை. அதற்கிடையில் 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்து, கடைசி நாள் பொலிசாரின் நடவடிக்கையின்போது ஒன்பது பேர் இறந்தார்கள். பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்ப் பிள்ளைகள் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியதாக்கிய தரப்படுத்தல் வந்து, எங்கள் ஊர்ப் பெடியங்கள் நல்ல புள்ளி எடுத்தும் வீட்டில் நின்றார்கள். 1972இல் தேர்தல் வைத்திருந்தால் யாப்பைப் பற்றிய வாக்கெடுப்பாக இருந்திருக்கும். காத்திருந்த காலம் அதற்கு மேலே பலதையும் ஏற்றிவிட்டது.

கடைசியில் 1975 பெப்ரவரி 6ஆம் திகதி வாக்களிப்பு. அரசாங்கக் கூட்டணியின் சார்பில் நின்றவர் வி. பொன்னம்பலம். செல்வநாயகம் 25,927, பொன்னம்பலம் 9,457. வித்தியாசம் 16,470.

என் அம்மம்மா அந்த வாக்களிப்பைப் பற்றிச் சொல்லும்போது எண்ணிக்கையைச் சொல்லமாட்டா. காலமை தோட்டத்துக்கு இறைப்பை நிறுத்திவிட்டு, குளித்து, வெளுத்த சேலை உடுத்து, கோயிலுக்குப் போகிறதுபோலப் போனதாகச் சொல்லுவா. வரிசையில் ஒருவரும் சத்தம்போட்டுக் கதைக்கவில்லையாம்.

அது தனிநாட்டுக்கான வாக்கா?

முடிவு வந்ததும் செல்வநாயகம், இது தமிழ் ஈழத் தேசம் தன் இறைமையைப் பயன்படுத்துவதற்கு மக்கள் தந்த ஆணை என்று அறிவித்தார். அடுத்த வருடம் மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில், தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரஸும் சேர்ந்த தமிழர் விடுதலைக் கூட்டணி தனியரசுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆகையால் அரசியல் தொடர்ச்சி தெளிவு.

வாக்காளர் மனதைப் பற்றிக் கேட்டால், நான் கொஞ்சம் நிதானமாகத்தான் பதில் சொல்வேன். 1972இல் கேட்கப்பட்ட கேள்வி யாப்பைப் பற்றியது. 1975இல் மக்கள் அந்த யாப்பை உறுதியாக நிராகரித்தார்கள், அந்தக் கிழவரை நம்பினார்கள், காத்திருக்க வைத்ததற்குக் கோபப்பட்டார்கள். தனிநாடு என்பதை வெளிப்படையாக முன்வைத்து வாக்குக் கேட்டது 1977இல்தான். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது மேடைக்கு வசதி. பொன்னம்பலத்துக்குப் போட்ட 9,457 பேரையும் துரோகிகள் என்று பேசுவதை நான் எந்த மேடையிலும் ஏற்கவில்லை. அவர்களும் எங்கள் அயலவர்.

வட்டுக்கோட்டைக்காரரான அமிர்தலிங்கம் இங்கே ஏன் நின்றார்?

அவர் பண்ணாகத்தவர், 1956 முதல் வட்டுக்கோட்டை உறுப்பினர். 1970இல் தமிழ்க் காங்கிரஸின் ஆ. தியாகராசாவிடம் 725 வாக்கால் தோற்றார். 1977 ஏப்ரல் 26ஆம் திகதி செல்வநாயகம் காலமானார். பொதுத் தேர்தல் யூலை 21. தலைவரின் தொகுதி அடுத்த தலைவருக்கு என்று கூட்டணி முடிவெடுத்தது. அமிர்தலிங்கம் 31,155 வாக்கு எடுத்தார். கூட்டணி உதயசூரியன் சின்னத்தில் 18 ஆசனங்களோடு வந்து, தெற்கில் சுதந்திரக் கட்சி எட்டாகச் சுருங்கியிருந்ததால், அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். அந்தக் கதிரைக்கு வந்த முதல் தமிழர்.

அதே வருடம் பெப்ரவரியில் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் இறந்திருந்தார். 1976இல், குடியரசு யாப்புக்கு எதிரான துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காகப் போட்ட வழக்கில், அமிர்தலிங்கம் முதலானோருக்காக நீதிமன்றத்தில் இரண்டு முதியவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். 1948இல் பிரிந்தவர்கள்.

தொகுதி எப்போது முடிந்தது?

சட்டப்படி ஒரு நாளைச் சொல்லலாம், ஆனால் அது மெல்ல மெல்லத்தான் செத்தது. 1982 டிசம்பர் 22ஆம் திகதி பொதுசன வாக்கெடுப்பு வைத்து, இருந்த பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடம் நீடித்தார்கள். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாகக் குடத்துக்குப் போட்டது, நாடு முழுவதும் சேர்த்து விளக்கு வென்றது. மக்கள் தந்த தவணைக்கு மேல் அமரக்கூடாது என்ற எண்ணம் கூட்டணிக்குள்ளும் இருந்தது. பிறகு 1983 யூலைப் படுகொலைகள். ஓகஸ்டில் வந்த அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னது. கூட்டணி உறுப்பினர் சத்தியம் செய்யவில்லை. சபைக்கும் போகவில்லை. ஒக்டோபரில் ஆசனங்கள் பறிபோயின.

1988 டிசம்பரில் பாராளுமன்றம் கலையும்வரை காங்கேசன்துறை என்ற ஆசனம் ஏட்டில் இருந்தது, ஆள் இல்லை. 1989 பெப்ரவரி 15 தேர்தல் விகிதாசார முறையில். அமிர்தலிங்கம் அதில் மட்டக்களப்பில் நின்று தோற்று, தேசியப் பட்டியலில் வந்தார். அந்த யூலை 13ஆம் திகதி கொழும்பில் கொல்லப்பட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவர் மாவிட்டபுரத்தைச் சேர்ந்த மாவை சேனாதிராசா. பின்னர் அவர் யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினராக நெடுங்காலம் இருந்து 2025 ஜனவரியில் காலமானார். எங்கள் ஊராள் எம்.பி.யாக இருந்தார், எங்கள் தொகுதிக்கு எம்.பி. இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தை விளங்கப்படுத்தத்தான் எனக்கு அதிக நேரம் எடுக்கும்.

1990க்குப் பிறகு வாக்காளர்கள் எங்கே போனார்கள்?

யூன் மாதம் சண்டை தொடங்கியது. பலாலி இராணுவத் தளத்தைச் சுற்றிய கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிக்கிட்டன. தொழிற்சாலை நின்றது, ரயில் நின்றது. வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி முகாம்களில் இருபது, இருபத்தைந்து வருடம் இருந்த குடும்பங்கள் உண்டு. சொந்தக் கிணற்றிலிருந்து சில மைல் தூரத்தில்.

1994 தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு மூன்று பேர்கூட வாக்களிக்கவில்லை, ஆனாலும் உறுப்பினர்கள் தெரிவானார்கள். அந்தக் காலத்துத் தொகுதி முடிவுகளை எடுத்து மக்கள் தீர்ப்பு என்று ஆராய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் நோகும். வீடே இல்லாத இடத்தில் என்ன தீர்ப்பு?

வாக்காளர் இடாப்புப் பிரச்சினையும் பெரியது. இருக்கிற முகாமில் பதிந்தால் ஊரில் பெயர் போய்விடும். ஊரில் பதிய வீடு இல்லை. அம்மம்மா ஒவ்வொரு வருடமும் கிராம சேவையாளர் வரும்போது பழைய விலாசத்தைத்தான் சொல்லுவா. 2013இல் ஒரு சிறப்புச் சட்டம், இடம்பெயர்ந்தவர்கள் பழைய ஊரிலேயே வாக்காளராகப் பதிய வழி செய்தது. அதே வருடம் ஏப்ரலில், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் மரங்களில் ஒட்டப்பட்டது. பெயரைப் பதியலாம், காணிக்குள் போக இயலாது. பிறகு காணி துண்டு துண்டாக விடுபட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் திரும்பக் கிடைத்தது.

இப்போது எங்களுக்கு எம்.பி. யார்?

மாவட்டத்தின் எல்லா உறுப்பினர்களும். 2020இல் ஏழு பேர், 2024இல் ஆறு பேர். பதிந்த வாக்காளரில் மற்ற மாவட்டங்களோடு பார்க்கும்போது எங்கள் பங்கு குறைந்ததால் எண்ணிக்கையும் குறைந்தது. கட்சிக்கு ஒரு வாக்கு, மூன்று விருப்பு வாக்கு. 2024இல் தேசிய மக்கள் சக்தி ஆறில் மூன்றை எடுத்தது, தெற்கின் கட்சியொன்று யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடம் வந்தது வரலாற்றில் முன்பு நடக்காதது.

விகிதாசாரம் சிறு கட்சிகளுக்கும் இடம் தருகிறது, அது நல்லது. ஆனால் உறுப்பினர் விலகினால் பட்டியலில் அடுத்தவர் வருவார், இடைத்தேர்தல் இல்லை. ஒருவர் தன் கதிரையை விட்டு, ஒரே கேள்வியை வைத்து, ஒரு கிராமப்புறத்திடம் பதில் கேட்கும் வழி அடைபட்டுவிட்டது. 1975 பெப்ரவரி 6 போன்ற ஒரு நாள் இந்தச் சட்டத்தின் கீழ் வராது.

பழைய முடிவுகளை எங்கே பார்க்கலாம்?

தேர்தல் ஆணைக்குழு 1947 முதலான பொதுத் தேர்தல் முடிவுகளைத் தொகுதி வாரியாக வைத்திருக்கிறது. உள்ளூர்ச் செய்திகளைத் தேடுவதுதான் கடினம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. 1975 இடைத்தேர்தல் நாளின் பத்திரிகையோ துண்டுப்பிரசுரமோ வாக்காளர் அட்டையோ உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தால், தயவுசெய்து வீசிவிடாதீர்கள். கைபேசியில் படம் பிடித்து, பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பிடியுங்கள். அம்மம்மாவின் அட்டை எங்களிடம் இல்லை. 1990இல் வெளிக்கிட்டபோது அது அலுமாரியில் இருந்தது. அந்த வீடு இருந்த இடத்துக்கு நாங்கள் திரும்பப் போனபோது கிணறு மட்டும் நின்றது.